சிலிர்ப்புக்கு முறைப்பு

ஓடைக்கரைப் பள்ளத்தில் ஒரு கீரியும், பக்கத்து மேட்டில் ஒரு முள்ளம்பன்றியும் வளை தோண்டிக் குடியிருந்தன. பார்த்துக்கொண்டாலே சண்டைதான்.

"நீ முறைக்கிறாய், அதனால்தான் சிலிர்க்கிறேன்" என்று முள்ளம்பன்றி சொல்லும்.

"நீ சிலிர்க்கிறாய், அதனால்தான் முறைக்கிறேன்" என்று கீரி சொல்லும்.

ஒருநாள் பெருமழையில் கீரியின் வளைக்குள் வெள்ளம் புகுந்தது. கீரி தன் குட்டிகளைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடி வந்தது. அதைப் பார்த்த முள்ளம்பன்றி தன் வளையைவிட்டு வெளியே வந்து ஒதுங்கி நின்றது.

"குட்டிகளை உள்ளே விடு."

கீரி நகரவில்லை. "ஏன்? நான் உனக்கு என்ன செய்தேன்?"

"ஒன்றும் செய்யவில்லை."

"அப்புறம் எதற்கு?"

"குட்டிகள் நனைகின்றன."

கீரி வளை முழுக்க மோந்து பார்த்தது. பொறி எதுவும் இல்லை. குட்டிகளை உள்ளே விட்டுவிட்டு, தான் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. இவள் என்ன திட்டம் வைத்திருக்கிறாளோ என்று மழையில் நின்ற முள்ளம்பன்றியையே உற்றுப் பார்த்தது.

மழை விடவில்லை. முள்ளம்பன்றிக்கு உடம்பு நடுங்கியது.

"நானும் உள்ளே வரட்டுமா?" என்று கேட்டது.

கீரி வெகுநேரம் யோசித்தது. பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. கண்ணை மட்டும் மூடவில்லை.