நாலாவது மூலை

அவருடைய போன் அடித்தது.

அவள் தையல் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். காரியம் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. மார்கழிக் குளிரில் கோயமுத்தூரில் எவன் ஏசி மெக்கானிக்கைத் தேடுகிறான்?

திரையில் அவர் பதிந்து வைத்திருந்த பெயர். மூணாவது மாடி அம்மா.

அந்த மூணாவது மாடிதான். அங்கிருந்துதான் விழுந்தார்.

எடுத்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரரு கட்டுன கவருங்க, ஒரு மூலை அவுந்து கெடக்குது. காத்துக்குப் படபடன்னு அடிக்குதுங்க. பாப்பா தூங்கவே மாட்டேங்குது."

அவிழ்ந்து கிடக்கிறதாம்! கட்டினால்தானே அவிழும்.

இழவுக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு நாதி வரவில்லை. கவருக்கு மட்டும் போன்.

கவர் யோசனை அவருடையது. குளிர் காலம் வந்தால் வேலை கிடையாது. வெளிச் சுவரில் தொங்கும் ஏசியின் அவுட்டோர் யூனிட்டைத் தார்ப்பாய் போட்டுக் கட்டிவைத்தால் பனியும் குப்பையும் அண்டாது என்று ஒவ்வொரு வீடாகச் சொல்லி வைத்தார். அவள் தைப்பாள். நாலு மூலைக்கும் கயிறு வெட்டிக் கோப்பதும் அவள்தான்.

"இன்னும் ஒரு சாண் விடு புள்ள," என்றார், அந்த வீட்டுக் கவருக்குக் கயிறு வெட்டும்போது.

"போதும் போங்க. உங்களுக்கு விட்டா ஒரு கட்டுக் கயித்தையும் ஒரே கவருக்குச் சுத்துவீங்க."

அவர் சிரித்தார். அவள் கயிற்றை நறுக்கினாள்.

மூன்று மூலை கட்டியாகிவிட்டதாம். நாலாவதுக்கு எட்டினாராம். சன்ஷேடில் பனி ஈரம், கால் வழுக்கிவிட்டது என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவள் பனியைத் திட்டினாள். அந்த வீட்டைத் திட்டினாள். இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளத் துப்பில்லாத அவரையும் திட்டினாள்.

"நீங்களே இழுத்துக் கட்டிக்க முடியாதுங்களா?" வேண்டுமென்றே கேட்டாள்.

"ஐயோ, அங்க யாரு கை நீட்டுவாங்க? பயமா இருக்குதுங்க."

அவளுக்கு வாய் வரை வந்துவிட்டது. நன்றாகக் கேட்டுவிட வேண்டும். இனி ஒரு ஜென்மத்துக்கு இந்த நம்பருக்குக் கூப்பிடக் கூடாது.

அதற்குள் அந்தம்மாளே சொன்னாள்.

"வாட்ச்மேன் ஜன்னல்ல இருந்து குச்சி போட்டு இழுத்துப் பாத்தாப்டி. கயிறு ஏசி ஸ்டாண்டு வரைக்கும் வரலீங்க. மத்த மூணு மூலையும் எட்டிப்புடிச்சுக் கட்டியிருக்காரு. இது கொஞ்சம் தூரம்."



"எவ்வளவு பத்தலீங்க?"

"அதிகமில்லீங்க. ஒரு சாண் இருக்கும்."

அவள் போனைக் காதில் வைத்தபடியே குனிந்தாள்.

"அலோ? யாரையாவது அனுப்பறீங்களா?"

மிஷினுக்கு அடியில் மிச்சக் கயிறு சுருளாகக் கிடந்தது.

இன்னும் பத்துக் கவருக்கு வரும்.