தனித்தட்டு

சார் கதவைத் திறந்தார். மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இளைச்சுதா?"

"இன்னும் இல்ல சார்."

போய்விட்டார். காலையிலிருந்து இதே வேலை. பிரசவ வார்டு வாசலில் நிற்கும் மாப்பிள்ளைகூட நடுவில் கொஞ்சம் உட்காருவார்.

விஷயம் இதுதான். ஈரலில் வரும் புற்றுச்செல்லுக்குத் தனியாகப் பிழைக்கும் சாமர்த்தியம் குறைவு. அக்கம்பக்கத்துத் துணைச்செல்கள்தான் அதை ஊட்டி வளர்க்கின்றன. காயத்தை ஆற்ற ஓடி வந்த நல்ல செல்கள். ஆள் யாரென்று விசாரிக்காமல் உபசரித்துவிடுகின்றன.

இதை நான் நிரூபிக்க வேண்டும். ஒரு தட்டில் புற்றுச்செல்லும் துணைச்செல்லும். இன்னொன்றில் புற்றுச்செல் மட்டும். அதன் மூடியில் 'தனி' என்று எழுதி வைத்திருந்தேன்.

தனி இளைக்க வேண்டும். இல்லையென்றால் இன்று மாலையோடு இந்த ஆய்வை மூடிவிடுவதாக சார் சொல்லியிருந்தார். கூடவே என்னையும்.

தனி கொழுகொழுவென்று இருந்தது.

ஆரம்பத்தில் ஒழுங்காக வாடிக்கொண்டுதான் வந்தது. நானும் கண் பட்டுவிடுமென்று மகிழ்ச்சியை வெளியில் காட்டாமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தேன். திடீரென்று மாமியார் வீட்டுக்குப் போய்வந்தவனைப்போல் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது.

செல்களைக் கொண்டுவந்தது சார்தான். நீண்ட விடுப்பு முடிந்து வந்த கையோடு, ஆஸ்பத்திரியில் உறைய வைத்திருந்ததை ஐஸ் பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்தார். யாரோ ஒரு நோயாளி, ஆராய்ச்சிக்குச் சம்மதம் கொடுத்துவிட்டார் என்றார். விடுப்பில் டயட் இருந்திருப்பார் போல. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருந்தார். ஒரு பேராசிரியர் புது பெல்ட் வாங்கக் கூடாதா என்று நாங்கள் பேசிச் சிரித்தோம்.

மறுபடி கதவு திறந்தது. இந்த முறை சார் போகவில்லை. பெருத்த தட்டை அவரே குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்த வேகத்தைப் பார்த்து, என் வேலை போனது உறுதி என்று முடிவு செய்தேன்.

"அப்போ தனியாவே வளருமா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டதுபோல இல்லை.

பக்கத்து மேசை அக்கா தொண்டையைச் செருமினாள்.

"சார், இவன் மூஞ்சியப் பாக்கச் சகிக்கல. பிளேட்டு வேற செத்துட்டு இருந்துச்சா... கொஞ்சம் டானிக் விட்டேன்."

டானிக் என்பது எங்கள் லேபின் வழக்கம். துணைச்செல்கள் வளர்ந்த பழைய நீரை, அவை சுரந்த சத்து அதில் இருக்குமென்று, கொட்டாமல் பாட்டிலில் வைத்திருப்போம். யாருடைய தட்டாவது வாடினால், போகிற வருகிறவர்கள் ரெண்டு சொட்டு விட்டுவிட்டுப் போவார்கள். கேட்க மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள்.

"நீயுமாம்மா?" என்றார், தட்டுகளைக் கதகதப்பாக வைக்கும் இன்குபேட்டர் அலமாரியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். "நான் தினமும் விட்டேனே."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் முகத்தைத் தொங்கப்போட்ட பாவத்துக்கு, ஊரே கூடிப் புற்றுநோய்க்குப் பாலூட்டியிருக்கிறது.

அப்போதுதான் இன்னொரு தட்டு நினைவுக்கு வந்தது. இதே செல்களைப் போட்ட இன்னொரு 'தனி'. மேலே இடமில்லாமல் இன்குபேட்டரின் கடைசி அடுக்கில், தரையோடு தரையாக வைத்திருந்தேன். என்னைத் தவிர வேறு யாரும் அதைத் தொட்டிருக்க வழியில்லை. அக்காவுக்கு முதுகுவலி, அண்ணனுக்குத் தொப்பை. இரண்டு பேரும் அவ்வளவு கீழே குனிய மாட்டார்கள்.

எடுத்து வந்து வைத்தேன்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள். மிச்சமெல்லாம் வெறும் இடம். கடைசி பஸ் போன பிறகு பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களைப்போல அவை சுருங்கி நின்றன.

சார் கண்ணை எடுக்கவேயில்லை. இத்தனை நேரம் ஓரிடத்தில் நிற்காத மனிதர், அசையாமல் நின்றார். பிறகு அவரே தட்டை மூடினார்.

"உன் ஆய்வு தொடரட்டும்" என்றார் என்னிடம்.

கதவுவரை போனவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த டானிக் பாட்டிலைப் பூட்டி வைம்மா. இதுமேல மட்டும் யாரும் பரிதாபப்படாதீங்க. உள்ள மிச்சம் இருக்கறதும் இப்படியே பட்டினி கிடக்கட்டும்."

எதற்குள்ளே என்று கேட்க வாயெடுத்தேன்.

அவர் கை, வலது விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்கும் இடத்தில், சட்டையை அழுத்திப் பிடித்திருந்தது.