எட்டு மேசைக்கு எட்டுத் தொப்பி

"இன்னும் டைட்டா சுருட்டுக்கா. ஃபோட்டோவுல பாரு, பென்சில் மாதிரி இருக்குது" என்றான் அஜித்குமார்.

தேவிப்ரியா தம்பியின் ஃபோனை எட்டிப் பார்த்தாள். ஏதோ வெளிநாட்டு விருந்து. மேசை நடுவில் ஒரு கறுப்புத் தொப்பி, பக்கத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய பட்டச் சுருள்.

தம்பி இன்ஜினியர் பட்டம் வாங்கியதற்கு ரிஷிவந்தியத்தில், வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு பிரியாணி விருந்து. எட்டு வாடகை மேசைக்கும் நடுவில் இதே மாதிரி அலங்காரம் வேண்டும் என்பது அஜித்குமார் துரையின் உத்தரவு. படிப்பு முடிந்து ஒரு வருசம் ஆகிறது, நாற்பது கம்பெனிக்கு எழுதிப் போட்டும் ஒரு பதில் இல்லை. பட்டமளிப்பு விழா மட்டும் போன வாரம் நடந்தது. சரி, அதையாவது கொண்டாடுவோம் என்றுதான் இந்தக் கூத்து.

அக்காவும் குறை வைக்கவில்லை. காலி ஊறுகாய் பாட்டில்களுக்குத் தங்கக் காகிதம் சுற்றி, மேலே கறுப்பு சார்ட்டில் நாலுமூலைத் தொப்பி செய்து ஒட்டினாள். குஞ்சத்துக்கு நூல் போதவில்லை. மக்காச்சோளக் கதிரின் நாரைப் பிரித்துக் கட்டித் தொங்கவிட்டாள். சுற்றிலும் சாமந்தி. பார்த்தவர்கள் எல்லாம் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள்.

இந்தச் சுருள்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பட்டத்தப் போயி யாருடா சுருட்டுவாங்க? கெட்டித் தாளு, மடிப்பு வுழுந்துடும். அட்டை வெச்சி கவர்ல நீட்டா வரும்."

"வருமா? மேடையில கூப்ட்டு கையில குடுப்பாங்கக்கா. பத்தாவதுல கோட்ட வுட்டுட்டு மில்லுக்குப் போன ஆளு நீ, எனக்கே பாடம் எடுக்கற."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சிரித்துக்கொண்டு சொன்னால் வலிக்காது என்று அவன் நினைப்பு.

கணக்கில் அவள் தோற்றது நிஜம். பதினாறு வயதில் திருப்பூர்ப் பக்கம் நூல் மில்லுக்குப் போய், ஏழு வருசம் அந்த விடுதியிலேயே கிடந்ததும் நிஜம். ஊர் திரும்பி ஐந்து வருசமாகக் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறாள். தினம் பத்து மணி நேரம் நின்றபடி. இரண்டு காலும் வீங்கி, செருப்பு வார் அழுந்திய தடம் மறைவதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு வேலை, அவள் சாமியிடம் கேட்பது அவ்வளவுதான்.

அந்த வேலையைக் கேட்கத் தோதான ஆள் இன்றைக்கு விருந்துக்கு வருகிறார். கள்ளக்குறிச்சியில் பள்ளிக்கூடம் நடத்தும் ஆண்டாள் மேடம். கடைக்குச் சேலை எடுக்க வந்து பழக்கம். எப்படிக் கேட்பது என்று தேவிப்ரியா நாலு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

காலையிலேயே அம்மா பச்சையம்மாள் மிரட்டிவிட்டாள். "வி.ஏ.ஓ. சாரு வர்றாரு, நாலு பெரிய மனுசங்க வர்றாங்க. வேல கீலன்னு எவுருகிட்டயும் வாயத் தொறந்துடாத. சொல்லிட்டேன்."

மதியம் பந்தல் நிறைந்துவிட்டது. வாசலில் பேனர். அதில் கூலிங் கிளாஸ் போட்ட அஜித்குமார், கீழே 'எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி' என்று கொட்டை எழுத்து. களை வெட்டிக் காய்ச்சுப்போன கையால் பச்சையம்மாளே மேசை மேசையாகப் பரிமாறினாள்.

வி.ஏ.ஓ., தன் பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த வூட்டுல இதுக்கு முன்னாடி ஒருத்தரும் பட்டம் வாங்கலன்னு இந்தம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டுச்சி. நான்தான் விசாரிச்சி ரிப்போர்ட் குடுத்தேன். அந்த முதல் பட்டதாரி சர்டிபிகேட்டாலதான் பையனுக்கு நாலு வருசமும் ஃபீசு கம்மி."

பச்சையம்மாள் அவர் இலையில் இன்னொரு கறித்துண்டு வைத்தாள்.

அடுத்த மேசையில் ஆண்டாள் மேடம் தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் யாரும்மா செஞ்சது?"

"நான்தான் மேடம்."

"வேல சுத்தமா இருக்குது. எங்க ஸ்கூல் ஆபீஸ்ல ஒரு எடம் காலி. உக்காந்து கம்ப்யூட்டர்ல எழுதற வேலதான். ஏதோ ஒரு டிகிரி இருந்தா போதும், திங்கக்கெழமையே வந்துடலாம். நீ இன்னா படிச்சிருக்க?"

கேட்காமலே வேலை வாசலுக்கு வந்து நிற்கிறது. வி.ஏ.ஓ. எலும்பைக் கடித்தபடி இந்தப் பக்கம் திரும்பினார். பச்சையம்மாளின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"பத்தாவது ஃபெயிலு மேடம்."

"அடடா." மேடம் நிஜமாகவே வருத்தப்பட்டார். "அப்ப ஆபீஸ்ல போட முடியாதேம்மா. சின்னப் புள்ளைங்கள பாத்ரூம் கூட்டிக்கினு போற வேல ஒண்ணு இருக்குது. வேணும்னா சொல்லு."

தேவிப்ரியா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். அந்த வேலையிலும் உட்கார முடியாது. காலி பிரியாணி தேக்சாவை இழுத்துப் போட்டுக் கழுவ ஆரம்பித்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் பச்சையம்மாள் வந்தாள். முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். யாராவது வருகிறார்களா என்று ஒரு தரம் பந்தல் பக்கம் பார்த்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னாள்.

"தம்பிக்கு ஒரு வேல கெடைக்கிற வரிக்கும், மில்லுல இருந்துக்கினு நீ பத்தாவதுலேந்து தபால்ல படிச்சி வாங்குன பி.காம். பொட்டியிலயே கெடக்கட்டும்டி."