ஐப்பசிக் கடல்

ஐப்பசியில்தான் தீவுக்குப் போகவேண்டும் என்று ஏலக்காய் எஸ்டேட் மேனேஜர் கண்ணுச்சாமி ஒற்றைக் காலில் நின்றார்.

போடி கடைவீதியில் கமருதீனின் காகிதக் கடை. நோட்டீஸ் அடிக்கத் தாள் வாங்க வந்த பால்சாமி, வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாசிக்குத்தானே மச்சான்கிட்டச் சொல்லிவெச்சோம்?" என்றார் கமருதீன். அவருடைய மச்சானுக்குப் பாம்பனில் சொந்தப் படகு உண்டு. "மாசி, பங்குனின்னா கடல் கண்ணாடியாக் கெடக்கும். ஆனி, ஆடியில காத்து. ஐப்பசி, கார்த்திகையில மழைத்தண்ணி கலங்கி, கையை விட்டா கை தெரியாது. மீனைப் பாக்கப் போறீகளா, சகதியைப் பாக்கப் போறீகளா?"

"சகதியையே பாத்துக்கிறேன் பாய். ஐப்பசி பத்தாம் தேதி படகு வேணும்."

மேசைமேல் ஓர் அட்டைப் பெட்டி. கடலுக்கடியில் பார்ப்பதற்கு முகத்தில் மாட்டும் கண்ணாடி, மூச்சு விட ஒரு குழாய். கண்ணுச்சாமி கொழும்பிலிருந்து வரவழைத்தது. இரண்டு வருஷத்து ஆசை.

பால்சாமி படியேறி உள்ளே வந்தார்.

ஐப்பசி பதினைந்தில் லேபர் ஆபீசர் மலைக்கு வருகிறார். போன மாதத்து வேலைநிறுத்தத்தைத் தூண்டியவர்கள் யார் யார் என்று மேனேஜர் கையெழுத்துப் போட்டுப் பட்டியல் கொடுக்க வேண்டும். அதில் பெயர் இருந்தால் வேலையும் போகும், குடியிருக்கும் எஸ்டேட் லயத்து வீடும் போகும். பால்சாமியின் அக்கா பேச்சிதான் முதல் பெயர். ஊர்வலத்தில் முன்னால் நின்றவள்.

"பட்டியலை எழுதி வெச்சுட்டு, எங்காளுக தெருவுக்கு வர்ற நேரத்துல நீங்க மீன் பாக்கப் போறீகளோ, மேனேஜரே?"

கண்ணுச்சாமி திரும்பிப் பார்த்தார். இருவரும் சிலமலைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரே வாளிப் பசையில் சுவரொட்டி ஒட்டியவர்கள். பிறகு ஒருவர் ஜெயிலுக்குப் போனார், ஒருவர் எஸ்டேட்டுக்குப் போனார்.

"பால்சாமி, இந்தத் தீவு விஷயம் வெளியே போகவேண்டாம்" என்றார் தணிந்த குரலில். "உன்னைக் கேட்டுக்கிறேன்."

பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

வெளியே போகவேண்டாமாம். மூன்று தடவை ஜெயில். சுதந்திரம் வந்து எட்டு வருஷம். இன்னமும் பசை வாளியைத் தூக்குவது பால்சாமிதான். மூட்டு வீங்கியதைத் தவிர வேறு பலன் கண்டதில்லை. ஆனாலும் அன்றைக்கே எழுதி முடித்தார். 'ஏலம் பறிக்கும் காலத்தில், ஏழைகளின் பெயரை விற்றுவிட்டு, பாம்பன் பக்கத்துத் தீவுக்கு மீன் பார்க்கப் போகிறார் மேனேஜர் கண்ணுச்சாமி.'

பேச்சி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"பேரைப் போட்டு எழுதாதடா தம்பி. போன மழையில கூரை ஒழுகுதுன்னப்ப அந்த மனுசன்தான் தகரம் குடுத்துவிட்டாரு."

"தகரம் முதலாளியோடது. உனக்கு அரசியல் தெரியாது, சும்மா இரு."

ஐந்நூறு நோட்டீஸ். பதினாலாம் தேதி போடியிலிருந்து தேவாரம்வரை ஒட்டி முடித்தபோது இடுப்பு நிமிரவில்லை.

மறுநாள் லேபர் ஆபீசரின் ஜீப்பு மலையேறியது. மேனேஜர் அறை பூட்டிக் கிடந்தது. திறந்து மேசையெல்லாம் தேடினார்கள். பட்டியல் எழுதப்படவே இல்லை. மேனேஜர் கையெழுத்தில்லாமல் வேறு யார் கொடுத்தாலும் செல்லாது என்றார் ஆபீசர். மத்தியானம்வரை பார்த்துவிட்டு, எல்லாரையும் வேலைக்கு எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்து இறங்கிவிட்டார்.

நோட்டீசுக்குப் பயந்து மேனேஜர் ஓடிவிட்டார் என்று லயத்து ஜனங்கள் பால்சாமிக்கு மாலை போட்டார்கள். பத்தாம் தேதியே போனவர் பதினாலாம் தேதி ஒட்டிய நோட்டீசுக்கு எப்படிப் பயப்படுவார் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. யோசித்தவர் பால்சாமி ஒருவர்தான். அவர் மாலையைக் கழற்றவில்லை. அச்செழுத்தின் பலத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசவும் பேசினார்.

ஐப்பசி கடைசியில் அடுத்த நோட்டீசுக்குத் தாள் வாங்கப் போனார். கமருதீனின் மேசைமேல் அதே அட்டைப் பெட்டி. கட்டிய நூல்கூட அவிழ்க்காமல் இருந்தது.

"என்ன பாய், உங்க மேனேஜர் மீன் பாத்தாச்சா?"

"எங்கிட்டுப் பாக்க? படகு கொண்டுபோய் விட்டதோட சரி. பத்து நாளும் ஒரு மீனவர் குடிசையில உக்காந்து மழையைத்தான் பாத்திருக்காரு." கமருதீன் தாளை எண்ணுவதை நிறுத்தினார். "முதலாளிக்கு, காய்ச்சல்னு தந்தி குடுத்திருக்காரு. ஊருக்குள்ள எங்க படுத்திருந்தாலும் காரைக் கொண்டாந்து பட்டியல்ல கையெழுத்து வாங்கிருவாக. ஐப்பசிக் கடலுக்குள்ள எவன் வருவான்? எனக்கே இன்னைக்குக் காலையிலதான் சொன்னாரு."

பால்சாமி பெட்டியின் நூலை விரலால் நெருடினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நானும் அதைத்தான் கேட்டேன். சொன்னா அதையும் அவன் நோட்டீசா அடிச்சுருவான்னாரு."

கமருதீன் சிரிக்கவில்லை. பெட்டியை ஓரமாக நகர்த்தினார்.

"யாராச்சும் கேட்டா இதை வித்துரச் சொல்லிட்டு, படுக்கையைச் சுருட்டிக்கிட்டு மதுரை பஸ்சு ஏறிட்டாரு. போறப்ப ஒரு தாளைக் கசக்கிப் போட்டாரு. நான்தான் எடுத்து வெச்சேன். நீங்க வருவீகன்னு தெரியும்."

பால்சாமி அதைப் பிரித்தார். முதலாளியின் கடிதம். இரண்டே வரி. 'நிர்வாகத்திடம் பொய் சொல்லிவிட்டு வேலைக்கு வராததால் இன்றுடன் நீக்கப்பட்டீர். ஆதாரம் இணைத்துள்ளோம்.'

குண்டூசியில் குத்தியிருந்த ஆதாரத்தைத் திருப்பினார். சுவரிலிருந்து கிழித்தெடுத்த தாள். முதுகில் பசை காய்ந்திருந்தது. அடியில் தடித்த எழுத்தில், 'இங்ஙனம், பால்சாமி.'