தானாக ஏறும் குதிரை

ஓப்பநாயக்கத் தோட்டத்துப் பங்களா முற்றத்தில் மழை தூறுகிறது. துரை விற்றுவிட்ட குதிரை சிட்டுவை ஏற்ற லொறி வந்து நிற்கிறது. “கயித்தப் புடிச்சு இழுங்க தங்கச்சி, மழ வலுக்குது,” என்கிறார் டிரைவர் மஷூர். “இழுக்க வேணாங்கண்ணே, தானா வரும்,” என்கிறாள் அந்தக் குதிரையைப் பழக்கிய கோமளா. கயிற்றைத் தளரவிட்டு, லொறிக்குள் ஏறி, தோளைத் திருப்பிக்கொண்டு காத்து நிற்கிறாள். பலகையில் ஒரு குளம்பு படுகிறது. குதிரை பழக்கக் கைக்குள் வைத்திருக்கும் சின்னச் சத்தக் கருவியான கிளிக்கரை அழுத்துகிறாள். ‘டிக்’. உடனே ஒரு கரட் துண்டு. அடுத்த குளம்பு, அடுத்த ‘டிக்’. சத்தம் கேட்டால் கரட் உண்டு. அந்த வாக்கை அவள் ஒருநாளும் மீறியதில்லை. சிட்டு முழுதாக ஏறியதும் அவள் இறங்குகிறாள். மஷூர் கதவை அடைத்துக் கொண்டி போடுகிறார். உள்ளே அது, அவள் பழக்கியபடியே, தலையைத் தாழ்த்தி அசையாமல் நிற்கிறது. கரட் துண்டுகூட நுழையாத பலகை இடுக்கில் அதன் கண் தெரிகிறது. கிளிக்கர் மேலேயே கோமளாவின் விரல் இருக்கிறது. அழுத்தினால் கரட் கொடுத்தாக வேண்டும்.