தாளம் தட்ட வந்த ஆள்

“எல்மர் வரலேன்னா நீயே ஒரு பானையைக் கவுத்துப் போட்டுத் தட்டு, நார்பர்ட். இன்னிக்கு மட்டும் சொதப்பினோம், அவ்வளவுதான்!”

மதுக்கடை மேடையில் டார்லீன் அக்கார்டியன் பெட்டியைத் தோளில் மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

“நான் தட்டினா கிளாரினெட்டை யாரு ஊதுறது அக்கா? தட்டுல இருக்கிற மீனா?” என்றான் தம்பி நார்பர்ட்.

இந்தக் கதையில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொன்னதில்லை. மாதா கோயில் படியேறிக் கையைத் தூக்கிச் சத்தியம் செய்யத் தயார்.

அமெரிக்காவில், மில்வாக்கி நகரத்தின் தெற்குப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் எல்லா மதுக்கடையிலும் வறுத்த மீன். மீன் இருந்தால், ஜோடி ஜோடியாகத் துள்ளிச் சுழலும் போல்கா ஆட்டமும் இருந்தாக வேண்டும். குழுக்களுக்குப் பஞ்சமில்லை, டிரம்ஸ் வாசிக்கத்தான் எல்மரை விட்டால் நாதியில்லை. ஒரு கடையில் பாட்டைத் தொடங்கிவைப்பான்; அக்கார்டியன் தனியாக இழுத்துக்கொண்டிருக்கும்போது பின்வாசல் வழியாக ஓடிப்போய் அடுத்த தெருவில் இன்னொரு பாட்டை முடித்துவைப்பான். போன பனிக்காலத்தில் வழியில் அவன் வழுக்கி விழுந்துவிட, ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் தூக்கிய காலை இறக்காமல் அவன் வரும்வரை அப்படியே நின்றார்கள். அதில் ஒரு ஜோடிக்குக் கல்யாணமே நிச்சயமாகிவிட்டது.

டார்லீனின் தவிப்புக்குக் காரணம் ஏரிக்கரைக் கோடை விழா. போன வருஷம் அவள் குழுவுக்குக் கிடைத்தது கழிப்பறைகளை ஒட்டிய பந்தல். வரிசையில் நின்றவர்கள்தான் ரசிகர்கள். அவர்களும் முறை வந்ததும் பாதிப் பாட்டில் அடித்துப்பிடித்து ஓடினார்கள். இந்த வருஷம் பெரிய மேடை வேண்டும். அதற்கு ஆள் தேர்ந்தெடுப்பவர் இன்று வருகிறார் என்று காதில் விழுந்திருந்தது. முகம் யாருக்கும் தெரியாது. தனியாக உட்காருவார், கைதட்ட மாட்டார், அவ்வளவுதான் தகவல்.

“அக்கா, மூலை மேசையைப் பாரு. நீளக் கோட்டு. கையைக் கட்டிக்கிட்டு, சிரிப்பே இல்லாம...”

“அவரேதான்! மீன் குடுக்கச் சொல்லு. உருளைக்கிழங்கு அப்பமும் வைக்கச் சொல்லு. தட்டு காலியாகவே கூடாது!”

அப்போது எல்மரிடமிருந்து போன் வந்தது.

“டார்லீன், இங்க விட மாட்டேங்கிறாங்க. ஒரு ஆளை அனுப்பியிருக்கேன். நல்லா வாசிப்பான். கொஞ்சம் கூச்ச சுபாவம், நீதான் பேச்சுக் குடுக்கணும்.”

அவள் போனை வைக்கவும், வாசலில் ஒரு வழுக்கைத் தலை தயங்கித் தயங்கி எட்டிப் பார்க்கவும் சரியாக இருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

“வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம்!”

“அப்படியா? நான் வர்றது உங்களுக்கு...”

“எல்லாம் தெரியும். பேச நேரமில்லை. ஏறி உட்காருங்க.”

“டிரம்ஸ் முன்னாடியா?”

“பின்னே, மடியிலயா?”

அந்த ஊரில் யாரும் யாருக்கும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. மிஞ்சிப் போனால், “அதுவும் நல்லாத்தான் இருக்கும்” என்பார்கள். மனிதர் அதைச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

முதல் அடியிலேயே எல்லாம் கைமீறியது. தாளம் முன்னால் ஓடியது. அக்கார்டியன் மூச்சிரைக்கப் பின்னால் ஓடியது. கைத்தடியோடு வந்த கிழவர்கள் தடியைப் போட்டுவிட்டுச் சுழன்றார்கள். மேசைகள் அதிர்ந்ததில் வறுத்த மீன் ஒன்று தட்டிலிருந்து துள்ளி, பக்கத்து மேசை பீரில் போய் விழுந்து, கொஞ்ச தூரம் நீந்தியது.

“யோவ், மெதுவாயா!” என்று டார்லீன் பல்லைக் கடித்தாள்.

“நிறுத்தத் தெரியலைங்க!”

மூலை மேசைக்காரர் நடுநடுவே விரலை உயர்த்தினார். உயர்த்தியபோதெல்லாம் அவர் முன்னால் இன்னொரு தட்டு மீன் வந்து இறங்கியது.

கடைசியில் வாசித்தவரின் கையிலிருந்து குச்சி ஒன்று பறந்து போனதும்தான் பாட்டு நின்றது. கூட்டம் கூரை அதிரக் கத்தியது. டார்லீன் எதையும் காதில் வாங்காமல் நேரே மூலை மேசைக்கு ஓடினாள்.

“ஐயா, அந்த ஆள் எங்க ஆளே இல்லை. அவரை வெச்சு எங்களை எடை போட்டுடாதீங்க. கழிப்பறைப் பக்கம் மட்டும் மறுபடி அனுப்பிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

அவர் வாயிலிருந்த மீனைச் சிரமப்பட்டு விழுங்கினார். கோட்டுக்குள்ளிருந்து இரண்டு டிரம்ஸ் குச்சிகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“எல்மர் அனுப்பினாரும்மா. எப்ப ஏறணும்னு கேக்கலாம்னுதான் பார்த்தேன். வாயைத் திறந்தா மீன் வந்துக்கிட்டே இருந்துச்சு.”

டார்லீன் மெல்ல மேடைப் பக்கம் திரும்பினாள். வழுக்கைத் தலையைத் துடைத்தபடி வந்து நின்றார் அந்த மனிதர்.

“ஏரிக்கரை விழாவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறவன் நான். இத்தனை வருஷமாக் கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டதோட சரி. வாசின்னு ஒரு ஜீவன் சொன்னதில்லை. பெரிய மேடை உங்களுக்குத்தான்.” கொஞ்சம் கூச்சத்தோடு குரலைத் தாழ்த்தினார். “ஆனா, தாளம் நான்தான் தட்டுவேன்.”

“அதுவும் நல்லாத்தான் இருக்கும்,” என்றாள் டார்லீன்.

இந்தக் கதையை ஒரு வரி விடாமல், நடித்தும் காட்டி, ஊர் முழுக்கச் சொல்லிவருபவன் எல்மர். அன்றைக்கு அந்தக் கடைப் பக்கமே எட்டிப் பார்க்காதவன் அவன் ஒருவன்தான்.