ஓட்டின் மேல் இரண்டு பல்

கலைமதி ஏணியில் நின்று ஓடுகளுக்கிடையே விரலை விட்டுத் துழாவுகிறாள். குழந்தைகளுக்கு ஏன் புற்றுநோய் வருகிறது என்று ஏழு நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து தேடுகிறார்கள். அவர்களுக்காக, கலைமதியின் மகளுக்கு விழுந்த பால் பல்லைக் கேட்டு தருமபுரியிலிருந்து வந்த மெஹ்ஜபீன் காகித உறையோடு கீழே நிற்கிறாள். கருவிலேயே உருவாகும் பல்லில் அப்போது உடம்பில் சேர்ந்ததெல்லாம் தங்கியிருக்குமாம். முடி கொட்டிய தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மகள் வாசலில் குந்தியிருக்கிறாள். வெயில் ஏறுகிறது. பல்லைப் பொதிந்து எறிந்த சாண உருண்டைகள், காய்ந்துபோய் இரண்டு கிடைக்கின்றன. கலைமதி இறங்கி வந்து உடைக்கிறாள். உள்ளங்கையில் இரண்டு பல்.

"இன்னொன்னு யாருதுங்க?"

"பெரியவனுது. அவனுக்கு ஒன்னுமில்லைங்க, நல்லாத்தான் இருக்கறான்."

"பாப்பாவுது எதுங்க?"

கலைமதி கையை வெயிலில் நீட்டி, பற்களைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்குது."